பழைய பைக்கின் பிறந்த வருஷம்: இன்ஜின் நம்பர், பிரேம் நம்பர், தொழிற்சாலை முத்திரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கின் வருஷம் என்றால் எந்த வருஷம்?

ஒரு பைக்குக்கு மூன்று வருஷங்கள் இருக்கலாம். தொழிற்சாலையில் பூட்டி முடித்த நாள் ஒன்று. எந்த ஆண்டின் மாடலாக விற்கப்பட்டது என்பது இன்னொன்று. முதன்முதலில் பதிவான தேதி மூன்றாவது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் கோடை விடுமுறை முடிந்ததும் அடுத்த ஆண்டின் மாடலைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். அதனால் 1969 செப்டம்பரில் வெளிவந்த டிரையம்ப் 1970 மாடல். அது கடையில் விற்காமல் நின்று 1971-இல் பதிவாகியிருந்தால், சான்றிதழில் 1971 என்றுதான் இருக்கும். மூன்றும் உண்மை. இருவர் ஒரே பைக்கை வைத்துக்கொண்டு வருஷத்துக்காகச் சண்டை போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எந்த வருஷத்தைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம்பரிலிருந்து பொதுவாகக் கிடைப்பது தயாரிப்பு மாதமும் மாடல் ஆண்டும். பதிவுத் தேதியை நம்பர் சொல்லாது.

நம்பர் எங்கே இருக்கும்?

பிரேம் நம்பரைப் பெரும்பாலும் ஸ்டியரிங் ஹெட்டின் (ஹேண்டில்பார் திரும்பும் பிரேம் முனை) பக்கவாட்டில் தேடுங்கள். ஜப்பானிய பைக்குகளில் ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் தெரியும். டிரையம்பில் இடது பக்கம், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே. இன்ஜின் நம்பர் வழக்கமாகச் சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிக்கூடு) தட்டையாகச் சீவிய ஒரு மேடையில் இருக்கும். சீவாத சொரசொரப்பான பரப்பில், எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றால் அது வரிசை எண் அல்ல, வார்ப்பு எண். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

நம்பர் மேல் பெயின்டும் துருவும் மூடியிருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

அவசரப்பட்டால் சாட்சி அழிந்துவிடும். எதையும் தொடுவதற்கு முன் இருக்கிற நிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெயும் நைலான் பிரஷ்ஷும் போதும். இறுகிய அழுக்கை மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிரேமில் பெயின்ட் இருந்தால் பெயின்ட் ரிமூவரை அந்த இடத்தில் மட்டும் தடவி, ஊறவிட்டு, துணியால் துடைத்தெடுங்கள். தேவைப்பட்டால் திரும்பவும் தடவலாம். கிராங்க்கேஸ் அலுமினியம் என்பதை மறக்கக் கூடாது. காஸ்டிக் சோடா கலந்த எந்தத் திரவமும் அலுமினியத்தைத் தின்றுவிடும், பஞ்ச் எழுத்தின் (உலோகத்தில் அச்சால் அடித்துப் பதித்த எழுத்து) விளிம்பு முதலில் போகும்.

கம்பி பிரஷ்ஷை டிரில்லில் மாட்டித் தேய்ப்பது, எமரி பேப்பர், சாண்ட் பிளாஸ்டிங், பாலிஷ் மெஷின் நான்கும் கூடாது. எழுத்து மங்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எழுத்துகளுக்கு நடுவே தொழிற்சாலை எந்திரம் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் அழிந்துவிடும். அசல் பஞ்சா, பிறகு அடித்ததா என்பதைச் சொல்வது அந்தக் கோடுகள்தான். பிரேமைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், நம்பர் இருக்கும் இடத்தை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடச் சொல்லி எழுதியே கொடுங்கள்.

சுத்தம் செய்த பிறகும் எழுத்து தெரியவில்லையா? நேர் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு திசையில் 3 மாதிரி தெரிவது இன்னொரு திசையில் 8 ஆக நிற்கும். சாக்பீஸைத் தேய்த்து மேலே துடைத்தால் குழிகளில் வெள்ளை தங்கும். மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பதும் நல்ல வழி, அளவு மாறாமல் கிடைக்கும். குழம்பும் ஜோடிகள்: 3-8, 1-7, 5-6, ஓ எழுத்தும் பூஜ்யமும்.

இன்ஜின் நம்பரும் பிரேம் நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் அசலா?

இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்தத் தவறான நம்பிக்கையால் நல்ல பைக்குகளை ஒதுக்கியவர்களும் உண்டு. நம்பர் ஒத்துப்போவதற்காகவே திருத்தி அடித்துப் பைக்கைக் கெடுத்தவர்களும் உண்டு.

யூனிட் கட்டமைப்பு (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) டிரையம்ப்களில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நார்ட்டன் கமாண்டோவில் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் பிரேமுக்கு உரிய நம்பரையே தாங்கும். 1970களின் யமஹாக்களிலும் இன்ஜினும் பிரேமும் ஒரே நம்பர். பிஎம்டபிள்யூவின் 1969-73 காலத்து ஸ்லாஷ்-5 வரிசையும் அப்படித்தான்.

ஹோண்டாவில் ஒத்துப்போகாது. சிபி750-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரேம் சிபி750-1000001 என்றும், இன்ஜின் சிபி750இ-1000001 என்றும் தொடங்கின. நம்பருக்கு முன்னால் இருக்கும் அந்த 'இ' இன்ஜினைக் குறிக்கும். இரண்டும் தனித்தனி வரிசையில் ஓடியதால் விரைவிலேயே விலகிவிட்டன. ஒரு சிபி750-இல் இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சுசுகியும் கவாசாகியும் இப்படியே. இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். சில நூறு வித்தியாசம் சாதாரணம். இரண்டும் வெவ்வேறு மாடல் ஆண்டின் வரம்பில் விழுந்தால் இன்ஜின் மாறியிருக்கிறது.

பிஎஸ்ஏ பைக்குகளில் 1960களின் நடுப்பகுதி வரை இன்ஜினுக்கும் பிரேமுக்கும் வேறு வேறு நம்பர். கோல்ட் ஸ்டார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: டிபிடி34 என்று தொடங்கும் 500 சிசி இன்ஜின், சிபி32 என்று தொடங்கும் பிரேமில்தான் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. முன்னெழுத்து பொருந்தவில்லையே என்று பயப்பட வேண்டாம், அதுதான் சரியான ஜோடி.

வின்சென்ட் இன்னும் அழகு. போருக்குப் பிந்தைய இரட்டை சிலிண்டர் வின்சென்ட்களில் பிரேமின் எண்ணிலிருந்து 1900-ஐக் கழித்தால் இன்ஜின் எண் வர வேண்டும். எஃப்10ஏபி/1/649 என்ற இன்ஜின் இருந்தால் மேல் பிரேமில் 2549 இருக்க வேண்டும். பின் பிரேமிலும் அதே 2549. இன்ஜின் எண்ணில் /1 மட்டும் இருந்தால் ரேப்பிட், அதனுடன் 'பி' சேர்ந்து /1பி என்று இருந்தால் பிளாக் ஷேடோ. கிராங்க்கேஸின் இரண்டு பாதியிலும் ஒரே ஜோடிக் குறி தனியாக அடிக்கப்பட்டிருக்கும். இந்த நான்கு இடங்களையும் பார்க்காமல் வின்சென்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

டிரையம்பின் இரண்டெழுத்துக் குறியை எப்படிப் படிப்பது?

1969 மாடலின்போது டிரையம்பும் பிஎஸ்ஏவும் ஒரே முறையைக் கொண்டுவந்தன. நம்பருக்கு முன் இரண்டு எழுத்து. முதல் எழுத்து தயாரித்த மாதம், இரண்டாவது மாடல் ஆண்டு.

பயன்படுத்திய எழுத்துகள் பன்னிரண்டு: ஏ, பி, சி, டி, இ, ஜி, எச், ஜே, கே, என், பி, எக்ஸ். ஆங்கில அகரவரிசையில்தான் போகிறது. ஏ-வுக்கு அடுத்த பி பிப்ரவரி, என்-னுக்கு அடுத்த பி நவம்பர். ஏ ஜனவரி, எக்ஸ் டிசம்பர்.

ஆண்டுக்கும் அதே எழுத்துகள், ஆனால் சி-யிலிருந்து தொடங்கும்: சி 1969, டி 1970, இ 1971, ஜி 1972, எச் 1973, ஜே 1974, கே 1975, என் 1976, அடுத்த பி 1977, எக்ஸ் 1978, திரும்பவும் ஏ 1979, பி 1980.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. 'கே.டி.' என்றால் 1970 மாடல், செப்டம்பர் மாதம். அதாவது 1969 செப்டம்பரில் செய்தது. 1970 செப்டம்பர் அல்ல. 'எச்.டி.' என்றால் 1970 ஜூலை. முதல் எழுத்து ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை இருந்தால் மாடல் ஆண்டிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்.

படித்த பிறகு பைக்கோடு ஒப்பிடுங்கள். 650 டிரையம்ப்களுக்கு எண்ணெயைப் பிரேமுக்குள்ளேயே வைக்கும் வடிவம் 1971 மாடலில்தான் வந்தது. 'கே.டி.' நம்பர் இன்ஜின் அந்தப் பிரேமில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பைக்குகள் ஒன்றாகியிருக்கின்றன. 750 சிசி டி140 வந்தது 1973 மாடலில். 1970களின் நடுப்பகுதியில் கியர் லீவர் இடது பக்கம் போனது. நம்பர் சொல்வதை இரும்பும் சொல்ல வேண்டும்.

1969-க்கு முந்தைய யூனிட் 650-களில் டி.யு. என்ற முன்னெழுத்து. 1963 மாடலுக்கு டி.யு.101-இல் தொடங்கியது, 1966 மாடல் டி.யு.24875-இல் தொடங்குகிறது. எச் என்று தொடங்கினால் 350, 500 சிசி யூனிட் வரிசை. இவற்றில் ஆண்டு நேரடியாக இருக்காது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நார்ட்டன், ஏஜேஎஸ், மேட்ச்லெஸ்?

1946 முதல் 1960 வரை நார்ட்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து. ஏ 1946-இல் தொடங்கி, எச் 1953, ஜே 1954, கே 1955, எல் 1956, எம் 1957, என் 1958, ஆர் 1960. எழுத்துக்குப் பின் வரும் 14 போன்ற எண் மாடலைக் குறிக்கும் (14 என்றால் டாமினேட்டர் 99), அதற்குப் பிறகுதான் வரிசை எண். இந்த மாடல் எண்ணை வரிசை எண்ணோடு சேர்த்துப் படித்துவிட்டால் கணக்கு எங்கோ போய்விடும். 1960-க்குப் பின் ஆண்டெழுத்து இல்லை. கமாண்டோவில் 850 சிசி 300000-இலிருந்தும், எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த மார்க் 3 325000-ஐ ஒட்டியும் தொடங்கின.

போருக்குப் பிந்தைய ஏஜேஎஸ், மேட்ச்லெஸ் இன்ஜின்கள் வேலையைச் சுலபமாக்குகின்றன: 51/ஜி9 என்று ஆண்டே முன்னால் இருக்கும். பிரேம் நம்பர் தனி, ஒத்துப்போகாது.

ஹார்லியில் பிரேம் நம்பரே காணோம். திருட்டு வண்டியா?

1969 வரை ஹார்லி-டேவிட்சன் பிரேமில் வரிசை எண் அடிக்கவில்லை. வண்டியின் அடையாளமே இன்ஜின் நம்பர்தான். 48எஃப்1234 என்றால் 1948, எஃப் மாடல், 1234-ஆம் எண். பழைய ஹார்லி பிரேமில் ஏதாவது நம்பர் இருந்தால் அது பிறகு யாரோ, பெரும்பாலும் பதிவு செய்யும்போது, அடித்தது.

கிராங்க்கேஸின் அடிவயிற்றையும் பாருங்கள். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துத் துளையிட்டதால், ஜோடி பிரியாமலிருக்க அடியில் ஒரே எண்ணை இரண்டிலும் அடித்தார்கள். அதில் ஹைபனுக்கு முன்னால் ஆண்டின் இரண்டு இலக்கம் இருக்கும். மேலே இருக்கும் நம்பரோடு அது அப்படியே பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. ஆனால் இடது பாதியும் வலது பாதியும் தங்களுக்குள் பொருந்த வேண்டும். மேலே 48, அடியில் 56 என்று இருந்தால் விற்பவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

1970 முதல் 1980 வரை பிரேமிலும் இன்ஜினிலும் 2ஏ10001எச்0 மாதிரியான வடிவம். 2ஏ மாடல், நடுவில் ஐந்து இலக்க வரிசை எண், எச் என்றால் 1970கள், கடைசி இலக்கம் ஆண்டு. எச்0 1970, எச்9 1979, ஜே0 1980.

ஜப்பானிய பைக்குகளில் ஆண்டு எழுத்து இல்லையே?

1981-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் இல்லை. மாடல் முன்னெழுத்தும் தொடக்க எண்ணும்தான் வழி. யமஹா ஆர்டி350 பிரேம் 351-000101 என்று தொடங்கும். யமஹா வரிசைகள் வழக்கமாக 101-இல்தான் ஆரம்பிக்கும். கவாசாகி இசட்1-இன் முதல் ஆண்டு பிரேம்கள் இசட்1எஃப் 1 முதல் 20000 வரை. 20001-இலிருந்து 1974-இன் இசட்1ஏ. ஹோண்டா சிபி750-இல் இன்ஜின் எண் 1007414 வரை உள்ளவை சொரசொரப்பான வார்ப்புக் கிராங்க்கேஸ் கொண்ட முதல் தொகுதி. இவற்றுக்கு மதிப்பு அதிகம் என்பதால் போலியும் அதிகம். நம்பர் சின்னது, ஆனால் கேஸ் வழவழப்பு என்றால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவுக்குப் போன 1970களின் பைக்குகளில் ஸ்டியரிங் ஹெட் பக்கம் ஒரு தகடோ ஒட்டியோ இருக்கும். அதில் தயாரித்த மாதமும் ஆண்டும் நேரடியாகவே எழுதியிருக்கும். பெயின்ட் அடிப்பதற்காக அதைப் பிடுங்கி எறிந்துவிடுவது பெரிய இழப்பு.

இத்தாலிய பைக்கின் பிரேமில் டிஜிஎம் என்று ஒரு நம்பர் இருக்கிறது. அதுவா சேசிஸ் நம்பர்?

அல்ல. அது அந்த மாடலுக்கு இத்தாலிய அரசு கொடுத்த அனுமதி எண். 'டிஜிஎம் ... ஓஎம்' என்ற வடிவில் அந்த மாடலின் எல்லாப் பைக்கிலும் ஒரே மாதிரி இருக்கும். பதிவுச் சான்றில் தவறுதலாக இதை எழுதிவைத்த வண்டிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. டுகாட்டியில் உண்மையான பிரேம் நம்பர் டிஎம்750எஸ் போன்ற மாடல் குறியோடு தனியாக இருக்கும். இன்ஜின் நம்பர் அதோடு பொருந்தாது.

17 இலக்க நம்பரில் ஆண்டு எங்கே?

அமெரிக்கச் சந்தைக்கு 1981 மாடலிலிருந்து 17 இலக்கம் கட்டாயம். அதில் பத்தாவது இடம் மாடல் ஆண்டு: பி 1981, சி 1982, டி 1983, இ 1984, எஃப் 1985, ஜி 1986, எச் 1987, ஜே 1988, கே 1989, எல் 1990. ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் 17 இலக்கத்தில் எங்கேயும் வராது. அப்படித் தெரிந்தால் 1 அல்லது 0-வைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே விற்றவற்றில் பத்தாவது இடம் ஆண்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே பூஜ்யமோ வேறு எழுத்தோ இருந்தால் ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள்.

வார்ப்பு எண்ணை வைத்து வருஷம் சொல்லலாமா?

புடைத்து நிற்கும் எண்கள் பெரும்பாலும் பாகத்தின் எண்ணோ அச்சின் எண்ணோதான். ஒரே அச்சைப் பல ஆண்டுகள் பயன்படுத்துவார்கள். அதனால் "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று மட்டும் சொல்ல உதவும். சில வார்ப்புகளில் கடிகாரம் போன்ற சிறு வட்டமும் நடுவில் ஆண்டும் அம்பும் இருக்கும். அம்பு காட்டுவது அந்தத் துண்டை வார்த்த மாதம், பைக்கைப் பூட்டிய மாதம் அல்ல.

மற்ற பாகங்களில் தேதி கிடைக்குமா?

கிடைக்கும், பல நேரம் நம்பரைவிட நேர்மையாக. யாரும் அவற்றைத் திருத்தி அடிக்கச் சிரமப்படுவதில்லை. லூகாஸ் மேக்னெட்டோ, டைனமோ உடல்களில் மாதமும் ஆண்டும் சின்னதாக அடித்திருக்கும்: 4 57 என்றால் 1957 ஏப்ரல். பல டன்லப் ரிம்களிலும் அளவுக்குப் பக்கத்தில் தேதி இருக்கும். அமால் கார்புரேட்டரில் மோனோபிளாக் 1955-ஐ ஒட்டியும், கான்சென்ட்ரிக் 1967-ஐ ஒட்டியும் வந்தன. ஸ்மித்ஸ் மீட்டரில் முள் துள்ளித் துள்ளி நகரும் குரோனோமெட்ரிக் வகை 1963 வரை. 1964 மாடல்களில் காந்த வகை வந்தது. டிரையம்ப் 650-களுக்கு 12 வோல்ட் 1966-இல்.

கணக்கு எளிது. பாகத்தின் தேதி பைக்கின் தேதிக்குச் சில வாரமோ சில மாதமோ முன்னால் இருக்க வேண்டும், ஏனென்றால் வெளியே செய்து ஸ்டோருக்கு வந்த பிறகுதான் வண்டியில் ஏறும். பாகத்தின் தேதி பிந்தியிருந்தால் அது மாற்றியது. லூகாஸ், டன்லப், வார்ப்பு என மூன்று நான்கு பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டும்போது நம்பர் மட்டும் வேறு காலத்தைச் சொன்னால், பாகங்களை நம்புங்கள்.

திருத்தி அடித்த நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு எச்சரிக்கை. எழுத்துகள் கோணலாக இருப்பது போலிக்கு அடையாளம் அல்ல. பல தொழிற்சாலைகளில் சுத்தியலும் தனித்தனி பஞ்சுமாகக் கையால்தான் அடித்தார்கள். ஆழமும் இடைவெளியும் மாறத்தான் செய்யும். கண்ணாடி போல நேராக, ஒரே ஆழத்தில் இருப்பதுதான் சில கம்பெனிகளில் சந்தேகத்துக்குரியது.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே எந்திரம் சீவிய கோடு ஓடுகிறதா? சுற்றிலும் கோடு இருந்து, நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் வழவழப்பாக இருந்தால் அங்கே அரம் பட்டிருக்கிறது. மேடை நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறதா? இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, பின்னால் டார்ச் அடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். பழைய எழுத்தின் பேய் உருவம் கீழே தெரிகிறதா? வெல்டிங்கால் நிரப்பிச் சீவியிருந்தால் அலுமினியத்தின் நிறம் அந்த இடத்தில் மட்டும் வேறாக இருக்கும்.

எழுத்து வடிவம் மிக முக்கியம். அதே ஆண்டு, அதே மாடல் அசல் நம்பரின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1-க்குக் கீழே கோடு உண்டா? 4 மேலே மூடியதா, திறந்ததா? 6, 9 இரண்டும் ஒரே பஞ்சைத் தலைகீழாக வைத்து அடித்ததா? எல்லா எழுத்தும் ஒரே உயரமா? தொழிற்சாலை தன் பஞ்ச் செட்டை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும், அதனால் இந்த அடையாளங்கள் தொடர்ந்து வரும். 1969-ஐ ஒட்டி டிரையம்ப் நம்பர் மேடையில் சின்னச் சின்ன டிரையம்ப் முத்திரைகளை வரிசையாக அடித்து, அதன் மேல் நம்பரை அடிக்கத் தொடங்கியது. அரம் போட்டால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். அந்தக் காலத்து இன்ஜினில் முத்திரை இல்லாத வெற்று மேடை இருந்தால் நன்றாகக் கேள்வி கேளுங்கள்.

அதிகம் நடப்பது, ஒரு கார்புரேட்டர் டிஆர்6-ஐ இரண்டு கார்புரேட்டர் டி120 ஆக்குவது. வரிசை எண்ணை விட்டுவிட்டு மாடல் எழுத்தை மட்டும் மாற்றுவார்கள். எனவே மாடல் பகுதியையும் வரிசை எண்ணையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. உத்தரவாதக் காலத்தில் கிராங்க்கேஸ் உடைந்தால் கம்பெனி நம்பர் இல்லாத வெற்றுக் கேஸை அனுப்பும், டீலர் பழைய நம்பரை அடித்துப் பூட்டுவார். பஞ்ச் வேறாக இருக்கும், மோசடி இருக்காது. அந்தக் காலத்து ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா?

பல பிரிட்டிஷ் கம்பெனிகளின் அனுப்புகைப் பதிவேடுகள் பிரிட்டனின் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் நூலகத்தில் உள்ளன. வின்சென்டுக்கு அதன் உரிமையாளர் சங்கம், பிஎம்டபிள்யூவுக்குக் கம்பெனியின் கிளாசிக் பிரிவு. கட்டணம் உண்டு. கேட்கும்போது இன்ஜின், பிரேம் நம்பர்களை எழுதுவதோடு, பென்சில் பிரதியும் படங்களும் அனுப்புங்கள். பதிவேட்டில் கிடைப்பது அனுப்பிய தேதி, எந்த டீலருக்கு என்பது, சில நேரம் நிறமும் கூடுதல் பொருத்தங்களும். வரலாற்று வாகனமாகப் பதிவு செய்யப் பல நாடுகள் இத்தகைய சான்றைக் கேட்கின்றன.

நம்பர் அழிந்துவிட்டது. நானே அடித்துக்கொள்ளலாமா?

கூடாது. பல நாடுகளில் அது குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அந்த வண்டி நிரந்தரமாகச் சந்தேகத்துக்கு உள்ளாகும். பஞ்ச் விழும்போது எழுத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்குகிறது. மேற்பரப்பைச் சீவினாலும் அந்த நசுங்கல் கொஞ்ச ஆழம் வரை தங்கியிருக்கும். அமிலக் கரைசல் அதை வேறு வேகத்தில் அரிப்பதால் பழைய எண் மறுபடி தெரியும். தடயவியல் நிபுணர்கள் இந்த முறையில்தான் அழித்த நம்பரை மீட்கிறார்கள். நீங்கள் மேலே புதிதாக அடித்தால் அந்த நசுங்கலும் கலைந்துவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. மேடையில் மெல்லிய எண்ணெய் தடவி, அப்படியே விட்டு, பதிவு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். புது நம்பர் ஒதுக்கினால் அவர்கள் சொல்லும் இடத்தில், பழைய மேடையைத் தொடாமல் அடிக்கச் சொல்லுங்கள்.